உப்புச்சப்பில்லாதவற்றுக்கு எத்தனை பெயர்?

குன்னூரில் 1963ஆம் ஆண்டு தொடங்கிய தேயிலை ஏலம் இன்றும் வாரந்தோறும் நடக்கிறது. ஏலத்துக்கு வரும் சரக்கின் மாதிரிகள் முதலில் சுவைபார்க்கும் அறைக்குப் போகின்றன. அங்கே நீண்ட மேசையில் வெள்ளைப் பீங்கான் கோப்பைகள் வரிசையாக இருக்க, சுவைபார்ப்பவர் ஒவ்வொன்றிலிருந்தும் ஒரு கரண்டி எடுத்துச் சத்தம் வர உறிஞ்சி, வாய்க்குள் சுழற்றித் துப்பிவிட்டு, குறிப்பெடுப்பவரிடம் ஓரிரு சொற்களைச் சொன்னபடியே அடுத்த கோப்பைக்கு நகர்ந்துவிடுவார். அப்படி ஓர் அறையில் முதன்முறை நின்றபோது, நல்ல தேநீரைப் பாராட்டும் சொற்களைவிட, நன்றாக இல்லாத தேநீரை அவர்கள் எத்தனை விதமாகப் பிரித்துச் சொல்கிறார்கள் என்பதுதான் எனக்கு வியப்பாக இருந்தது. 'நன்றாக இல்லை' என்ற சொல் அந்த மேசையில் ஒருமுறைகூட விழவில்லை.

அவர்கள் 'டல்' என்றால் சாயத்தில் ஒளி இல்லை என்று பொருள். 'பிளாட்' என்றால் நாக்கின் ஓரங்களைச் சுருக்கென்று பிடிக்கும் விறுவிறுப்பு போய்விட்டது என்று பொருள். 'தின்' என்றால் திடம் இல்லை. 'பிளெயின்' என்றால் பெரிய குற்றம் ஒன்றுமில்லை, ஆனால் சொல்லிக்கொள்ளும்படியான குணமும் இல்லை. கருந்தேயிலைக்கான இத்தகைய சொற்களைத் தொகுத்துப் பொருள் வரையறுக்கும் சர்வதேசத் தரநிலை ஒன்றே உண்டு. அதன் எண் ஐ.எஸ்.ஓ. 6078. வெளியாளுக்கு இவை எல்லாமே 'சுமார்' என்ற ஒரே பொருளைத் தருவதாகத் தோன்றலாம். ஆனால் தொழிற்சாலைக்காரருக்கு ஒவ்வொரு சொல்லும் ஒவ்வோர் இடத்தைக் காட்டிக்கொடுக்கும். நொறுக்கிய இலை காற்றுப் பட்டுச் செம்பு நிறமாக மாறும் கட்டத்தில் தியாஃபிளேவின் என்னும் சேர்மங்கள் உண்டாகின்றன. தேநீரின் ஒளிக்கும் விறுவிறுப்புக்கும் அவையே பெருமளவு காரணம். இலையை அங்கேயே அளவுக்கு மீறிக் கிடத்திவிட்டால் அவை குறைந்து, அடர்ந்த நிறத்தைத் தரும் தியாரூபிகின்கள் மிகுந்துபோகும். ஆகவே நிறம் இருந்தும் ஒளி இல்லாத கோப்பை வந்தால், உலர்த்தும் இயந்திரத்துக்குள் இலை தாமதமாகப் போயிருக்கிறது என்று ஊகிக்கலாம்.

சலிப்பூட்டும் ஒன்றைக் குறிக்கத் தமிழில் இருக்கும் சொற்களும் இத்தகைய நோய்க்குறிப்புகளே என்பது என் கருத்து. அகராதி அவற்றை ஒரே வரியில் 'சுவையற்ற, சாரமற்ற' என்று அடுக்கிவிடுவதாலும், பேச்சில் எல்லாவற்றுக்கும் 'மொக்கை' என்ற ஒரே சொல் போதும் என்று ஆகிவிட்டதாலும், அவற்றுக்கிடையே உள்ள வேறுபாடு கண்ணில் படாமல் போகிறது. உண்மையில் ஒவ்வொரு சொல்லும் எது குறைந்தது, எப்போது கெட்டது, யாரால் கெட்டது என்பதைத் தனித்தனியே சொல்கிறது.

அடுப்படியிலிருந்து வந்த சொற்களே இவற்றில் மிகுதி. 'உப்புச்சப்பில்லாத பேச்சு' என்பதில் குறைவது மிகச் சிறிய அளவு சேர்க்க வேண்டிய ஒரு பொருள். காய் இருக்கிறது, பருப்பு இருக்கிறது, வெந்தும் இருக்கிறது, ஆனால் அவற்றை உணவாக்கும் ஒரு சிட்டிகை இல்லை. குறள் 1302 ஊடலை உப்புக்கு ஒப்பிடுகிறது: அளவோடு அமைந்தால் சுவை, சற்று மிஞ்சினாலும் கெடுதல். உப்பைச் சுவையின் அளவுகோலாக வைத்துப் பேசுவது நமக்கு அவ்வளவு பழைய வழக்கம். இந்தச் சொல்லோடு 'சப்பென்று ஆகிவிட்டது' என்பதைச் சேர்த்துக் குழப்பிக்கொள்ளக் கூடாது. உப்புச்சப்பில்லாதது தொடக்கம் முதலே அப்படித்தான் இருந்தது. சப்பென்று ஆனதோ, ஏதோ வரப்போகிறது என்று காத்திருந்தவருக்கு ஒன்றும் வராமல் போனது. முன்னது பொருளின் குறை, பின்னது எதிர்பார்ப்பின் சரிவு. சூரிய உதயம் பார்க்க விடியற்காலை நான்கு மணிக்கு எழுந்து தொட்டபெட்டா போய், பனிமூட்டத்தில் தம் கையைத்தவிர வேறொன்றும் தெரியாமல் திரும்பி வருகிறவர்கள் இரண்டாவது சொல்லைத்தான் சொல்ல வேண்டும். மலையில் உப்புக் குறைவாக இருந்தது என்று யாரும் சொல்வதில்லை.

மலையில் இருப்பவர்களுக்கு எளிதில் விளங்கும் இன்னொரு சொல் 'நமுத்துப்போதல்'. ஊட்டியிலும் குன்னூரிலும் பேக்கரிகளில் விற்கும் வர்க்கியை எடுத்துக்கொள்ளலாம். மைதா மாவை அடுக்கடுக்காக மடித்து, விறகு அடுப்பின் சூட்டில் வேகவைத்து எடுக்கும் அந்தப் பண்டத்தின் உயிர் முழுவதும் அதன் மொறுமொறுப்பில் இருக்கிறது. தென்மேற்குப் பருவமழை பெய்யும் ஜூலை மாதத்தில் பொட்டலத்தைப் பிரித்து வைத்துவிட்டு ஒரு தொலைபேசி அழைப்பை எடுத்துப் பேசி முடித்தால் போதும், வர்க்கி வளைய ஆரம்பித்துவிடும். அதன் இனிப்பு குறையவில்லை, நெய்வாசனை போகவில்லை, கெட்டும் போகவில்லை. காற்றிலிருந்த ஈரம் உள்ளே புகுந்துவிட்டது, அவ்வளவுதான். 'நமுத்துப்போன நகைச்சுவை' என்று சொல்லும்போது நாம் குறிப்பதும் இதையேதான். சுட்ட நேரத்தில் அது நன்றாகவே இருந்திருக்கும். திறந்து கிடந்ததால் போயிற்று.

தேயிலைக்கும் இந்த நோய் உண்டு. உலர்த்தி எடுக்கும்போது தூளில் ஏறக்குறைய 3 விழுக்காடு ஈரமே இருக்கும். அது ஆறு, ஏழு விழுக்காட்டைத் தாண்டினால் சுவை மங்கும், அதற்கு மேலும் ஏறினால் பூசணம் பிடிக்கும். ஆகவே மழைக்காலத்தில் கிடங்கின் கதவைத் திறந்து போடுகிறவர் மீது தொழிற்சாலையில் எல்லோருக்கும் கோபம் வருகிறது.

ஈரத்தின் பக்கத்தில் நிற்கும் மற்றொரு சொல் 'பிசுபிசுத்தல்'. மழை பிசுபிசுக்கும், போராட்டமும் பிசுபிசுக்கும். பெய்கிறதா இல்லையா என்றே தெரியாத தூறலில் நாள் முழுக்க நனைந்தவர்களுக்கு, கூட்டம் சேராத கண்டன ஆர்ப்பாட்டத்துக்கு நாளிதழ்கள் இந்தச் சொல்லைப் போடுவது எவ்வளவு பொருத்தம் என்று தெரியும். 'புஸ்வாணமானது' என்பதும் அதே செய்திக்கு வருகிறது என்றாலும், அதில் கொளுத்தியவரின் ஆரவாரம் கூடுதலாக ஒலிக்கிறது.

காலத்தைக் குற்றம் சொல்லும் சொற்கள் ஒரு தனிக் குடும்பம். ஆறிப்போனது, புளித்துப்போனது, ஊசிப்போனது ஆகிய மூன்றும் ஒரே வரிசையில் மூன்று படிகள். ஆறிப்போன செய்திக்குச் சூடு மட்டுமே குறைவு. 'ஆறின கஞ்சி பழங்கஞ்சி' என்பது காலத்தில் முடிக்காத காரியத்துக்குச் சொல்லும் பழமொழி. புளித்துப்போன கதை பலமுறை கேட்டது. ஊசிப்போனதோ தொடவே கூடாதது. இவற்றில் முதல் படியைப் பற்றித் தேயிலைக்காரர்களுக்கு மட்டும் மாறுபட்ட கருத்து உண்டு. நல்ல திடமான தேநீர் பாலில்லாமல் ஆறும்போது, காஃபீனும் தியாஃபிளேவின்களும் ஒன்றோடொன்று பிணைந்து ஆடை படர்ந்ததுபோல் கலங்கிவிடும். கலங்குவது அங்கே தரத்தின் அடையாளம். ஆறிய பின்னும் கண்ணாடிபோல் தெளிந்து நிற்கும் தேநீரில் சரக்கு குறைவு என்று பொருள்.

உள்ளீடு இல்லை என்று சொல்லும் சொற்கள் வயலிலிருந்தும் தோட்டத்திலிருந்தும் வந்தவை. பதர், சொத்தை, சோடை, சக்கை என்ற நான்கையும் எடுத்துக்கொண்டால், பதர் மணியே பிடிக்காத நெல், சொத்தை பிடித்தும் பூச்சி தின்றது, சோடை முற்றாமல் தேறாமல் நின்றது, சக்கை இருந்த சாற்றைப் பிழிந்து எடுத்த பின் மிஞ்சியது. பயனில்லாத பேச்சைப் போற்றுகிறவனை மனிதன் என்று சொல்லாதே, மனிதருள் 'பதடி' என்று சொல் என்கிறது குறள் 196. பதடி என்பது பதர்தான். வள்ளுவர் அந்த இடத்தில் சக்கை என்று சொல்லவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். சக்கை என்றால் ஒரு காலத்தில் சாறு இருந்ததாக ஒப்புக்கொள்வதாகிவிடும். ஓய்ந்துபோன எழுத்தாளரைச் சக்கை என்று சொல்லலாம், தொடக்கத்திலிருந்தே எழுத வராதவரை அப்படிச் சொல்வது அவருக்குக் கொடுக்கும் மரியாதை. வசூலைக் குவிக்கும் திரைப்படம் 'சக்கைப்போடு போடுகிறது' என்று இதே சொல்லை வைத்து எப்படிப் பாராட்டு உண்டாயிற்று என்பது வேறு கதை.

இனி ஆயுதங்கள். சலிப்பூட்டும் பேச்சாளரைக் குறிக்க அறுவை, ரம்பம், பிளேடு, கழுத்தறுப்பு என்று ஒரு தலைமுறை முழுதும் வெட்டும் கருவிகளையே கையாண்டது. அவற்றில் பேசுகிறவர் வெட்டுகிறவர், கேட்கிறவர் வெட்டுப்படுகிறவர். அடுத்த தலைமுறை கொண்டுவந்த சொல் அதற்கு நேர் எதிரானது. மொக்கை என்றால் முனை மழுங்கியது, வெட்டாதது. முன்பு சலிப்பு என்பது கூர்மையின் கொடுமையாக இருந்தது. இப்போது கூர்மையின்மையின் கொடுமையாகிவிட்டது. இரண்டு உருவகங்களில் இரண்டாவதே துல்லியமானது என்று நான் சொல்வேன், ஏனென்றால் மழுங்கிய கருவி என்ன செய்யும் என்பதைத் தேயிலைத் தோட்டத்தில் கண்ணால் பார்க்கலாம். கவாத்துக் கத்தி மொக்கையாக இருந்தால் கிளை சீராக வெட்டுப்படாமல் பிளந்து நார் நாராகக் கிழியும், அந்தப் புண் வழியாக நோய் புகும். தொழிற்சாலைக்குள் நிலைமை இன்னும் வெளிப்படையானது. குன்னூர் ஏலத்துக்கு வரும் சரக்கில் பெரும்பகுதி சி.டி.சி. முறையில் செய்தது, அதில் பற்கள் வெட்டிய இரண்டு எஃகு உருளைகள் எதிரெதிராகச் சுழல, ஒன்று மற்றதைவிட ஏறக்குறையப் பத்து மடங்கு வேகத்தில் ஓடி, இடையில் புகும் இலையை நசுக்கிக் கிழித்துச் சுருட்டும். பற்கள் மழுங்கிவிட்டால் இலை கிழிபடாமல் தட்டையாக நசுங்கிச் சூடேறும், இலையின் செல்கள் சரியாக உடையாது, சாயம் ஒளியிழந்து வரும். ஆகவேதான் உருளைகளை முறை வைத்துக் கழற்றிச் சாணை பிடிக்கிறார்கள். மொக்கையான பல்லிலிருந்து மொக்கையான தேநீர் வருகிறது என்று சொன்னால் அது உருவகமே அல்ல.

'போரடிக்கிறது' என்பதைப் பற்றி ஒரு சிறு விலகல். போர் என்பது கடன்வாங்கிய சொல், அடி என்பது நம்முடையது. டல்லடிக்கிறது, சைட் அடிக்கிறது என்று கடன் சொற்களுக்கு வினை தைக்க நாம் வழக்கமாக எடுக்கும் நூல்தான் அது. ஆனால் தமிழில் போரடித்தல் என்று ஏற்கெனவே ஒன்று இருந்தது. அறுத்த கதிரைக் குவித்து, மாடு கட்டி மிதிக்கவிட்டு நெல்லைப் பிரிப்பதற்குப் பெயர் போரடித்தல். வைக்கோலிலிருந்து மணியைப் பிரித்தெடுத்த சொல், இன்று மணியே கிடைக்காத பொழுதுக்குப் பெயராக ஒலிக்கிறது. தற்செயலான ஒற்றுமைதான் என்றாலும் எனக்கு இதை நினைத்தால் சிரிப்பு வரும்.

சலிப்பூட்டும் எழுத்தைப் பகுத்துப் பார்ப்பதில் இலக்கணக்காரர்கள் பேச்சுவழக்கைவிடப் பல படிகள் முன்னே போயிருக்கிறார்கள். 13ஆம் நூற்றாண்டின் நன்னூலில் பவணந்தி முனிவர் நூலுக்கு ஆகாத குற்றங்கள் பத்தைச் சொல்கிறார். குன்றக் கூறல், மிகைபடக் கூறல், கூறியது கூறல், மாறுகொளக் கூறல் என்று தொடங்கும் அந்தப் பட்டியலின் கடைசி நான்கும் நம் விஷயத்துக்கு மிக நெருக்கமானவை. 'வெற்றெனத் தொடுத்தல்' என்பது பொருளில்லாத சொற்களைக் கோத்துக்கொண்டே போவது; ஏறத்தாழ உப்புச்சப்பில்லாதது. 'மற்றொன்று விரித்தல்' என்பது எடுத்த பொருளை விட்டுவிட்டு இன்னொன்றைப் பரப்புவது. போரடித்தலைப் பற்றி நான் மேலே எழுதிய பத்தியை அவர் இதில்தான் சேர்த்திருப்பார். 'சென்று தேய்ந்திறுதல்' என்பது வலுவாகத் தொடங்கி, போகப்போகத் தேய்ந்து முடிவது. முதல் பாதி நன்றாக இருந்தது, இரண்டாம் பாதி இழுவை என்று திரைப்படம் பார்த்துவிட்டு வருகிறவர்கள் சொல்வதை இதைவிட அழகாகச் சொல்ல முடியாது. 'நின்று பயனின்மை' என்பது சொற்கள் இருந்தும் அவற்றால் ஒன்றும் ஆகாமல் போவது. இவற்றில் ஒன்றுகூட இன்று விமர்சனம் எழுதுகிறவர்கள் கையில் இல்லை என்பது எனக்கு வருத்தம் தருகிறது. சென்று தேய்ந்திறுதல் என்று சொன்னால் எழுதியவருக்கு எந்த இடத்தைத் திருத்த வேண்டும் என்று தெரியும். மொக்கை என்று சொன்னால் அவருக்குக் கோபம் மட்டும்தான் வரும்.

குறைவினால் மட்டுமே சலிப்பு வருவதில்லை, மிகுதியாலும் வரும். 'திகட்டுதல்' என்பது அதற்கான சொல். ஊட்டிக்கு வருகிறவர்கள் கடைவீதியில் கைச்செய்முறைச் சாக்லேட்டைக் கால் கிலோ வாங்கி, பேருந்தில் இறங்குமுன் பாதியைத் தின்று தீர்த்துவிட்டு, மறுநாள் அதைப் பார்க்கவே மனமில்லாமல் இருப்பார்கள். சாக்லேட்டில் குற்றமில்லை, நாக்கு நிறைந்துவிட்டது. அலுப்பும் சலிப்பும் இப்படி அனுபவிக்கிறவரிடம் இருப்பவை. 'ஏனோதானோவென்று', 'கடனே என்று' என்பவை செய்கிறவரிடம் இருப்பவை. கடனே என்று நடத்திய வகுப்பு நல்ல பாடத்தையும் கெடுக்கும் என்பதை விளக்க வேண்டியதில்லை.

'அரைவேக்காடு' என்ற வசைக்கு மலையில் ஓர் அறிவியல் சலுகை உண்டு. உயரம் ஏறஏறக் காற்றழுத்தம் குறைவதால், ஏறக்குறைய 300 மீட்டருக்கு ஒரு டிகிரி வீதம் நீர் கொதிக்கும் வெப்பநிலையும் குறைகிறது. சுமார் 1,850 மீட்டர் உயரத்திலுள்ள குன்னூரில் நீர் 94 டிகிரி செல்சியஸ் அளவிலும், 2,240 மீட்டர் உயரத்திலுள்ள உதகமண்டலத்தில் 93 டிகிரிக்குச் சற்றுக் கீழேயும் கொதித்துவிடும். குமிழி விட்டுக் கொதிப்பது கண்ணுக்குத் தெரியும், ஆனால் பருப்பு வேகாது. குக்கர் இல்லாத சமையல் இங்கே நெடுநேரம் இழுக்கும். நன்றாகக் கொதிக்கிறது, ஆனாலும் வேகவில்லை என்ற நிலை பல கூட்டங்களுக்கும் பொருந்தும் என்றாலும், குக்கர் இல்லாத அடுப்பை அதற்காக ஏச முடியாது.

'களை கட்டவில்லை' என்பது நிகழ்ச்சிகளுக்கு உரிய சொல். மே மாதம் தாவரவியல் பூங்காவில் நடக்கும் மலர்க் கண்காட்சியின்போது மழை பிடித்துக்கொண்டால் செய்தியாளர்கள் இதை எடுப்பார்கள். களை என்றால் பொலிவு; தோட்டத்தில் வேலை செய்கிறவர்களுக்குக் களை என்றால் கொத்திப் பிடுங்க வேண்டியது. ஒரே ஊரில் ஒருவர் களை கட்ட வேண்டும் என்றும் மற்றொருவர் களை எடுக்க வேண்டும் என்றும் ஒரே நாளில் சொல்லிக்கொண்டிருக்கலாம்.

இலங்கையிலிருந்து தாயகம் திரும்பிக் கோத்தகிரியிலும் கூடலூரிலும் குன்னூரிலும் குடியேறிய குடும்பங்கள் தம்மோடு 'தேத்தண்ணி', 'சாயத்தண்ணி' முதலிய சொற்களையும் கொண்டுவந்தன. 1964ஆம் ஆண்டு சிறிமாவோ–சாஸ்திரி ஒப்பந்தத்தின்படி வந்தவர்கள் அவர்கள். இலங்கைப் பேச்சில் 'பிளேன் டீ' என்றால் பால் கலக்காத தேநீர், அதில் குறை ஒன்றுமில்லை. விரும்பிக் கேட்டு வாங்கிக் குடிப்பது. அதே சொல் ஏலக் குறிப்பில் வந்தால் விலை இறங்கும். டிசம்பர் முதல் மார்ச் வரை, குளிரில் கொழுந்து மெதுவாக வளரும் மாதங்களில், அந்தக் குறிப்பு அவ்வளவாக வராது. மழைக்குப் பின் கொழுந்து ஒரேயடியாகத் தளிர்த்து, பறித்து மாளாமல் தொழிற்சாலை வாசலில் குவியும் மாதங்களில்தான் அது வரும். அந்த வாரங்களில் 'தேயிலை ஏலம் மந்தம்' என்று நாளிதழில் தலைப்பு வரும்போது, மந்தமாக இருந்தது வாங்குகிறவர்களா, சரக்கா என்று அந்த ஒரு சொல்லை வைத்துச் சொல்ல முடியாது. வயிறும் மந்தமாகும், அறிவும் மந்தமாகும், சந்தையும் மந்தமாகும். மந்தாரம் போட்ட வானம்போல அது எல்லாவற்றையும் ஒன்றாக மூடிவிடுகிறது.

சென்ற ஆகஸ்டில் ஒரு மழைநாள் மாலை, வழக்கமாகப் போகும் டீக்கடையில் முதல் வாய் குடித்ததும் நான் சொன்னேன்: "டீ இன்னிக்கு சப்புன்னு இருக்குதுங்கண்ணா." கடைக்காரர் பதில் சொல்லாமல் பாய்லருக்குப் பக்கத்திலிருந்து வடிகட்டியை எடுத்து, பால் சேர்க்காமல் கொஞ்சம் சாயத்தை ஒரு கிளாசில் பிடித்து, வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்து, ஒரு மடக்குக் குடித்தார். பிறகு தூள் டப்பாவைத் திறந்து மூக்கருகே கொண்டுபோய்விட்டு, அடுப்படியில் நின்ற பையனைப் பார்த்து, "சப்புன்னு இல்லீங்க, நமுத்துப்போச்சு. நேத்து ராத்திரி மூடியைச் சரியா போடலை" என்றார்.